புல்வரம்பில் நின்ற பெட்டி

பெட்டிகள் திறந்திருந்தன.

கராஜின் விளக்கைப் போட்ட ஜெனீன், சுவிட்சில் வைத்த விரலை எடுக்காமல் அப்படியே நின்றாள். சுவரோரமாக வரிசையாகக் கிடத்தியிருந்த பழைய பயணப்பெட்டிகளில், இன்னும் வேலை தொடங்காதவை மட்டும் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன. உள்துணியில் சாக்ஸ், சீப்பு வைப்பதற்காகத் தைத்திருக்கும் சின்னப் பைகள் வெளியே இழுத்துவிடப்பட்டிருந்தன. திறந்து வைத்தால் சிலந்தி குடிவந்துவிடும் என்று, ஒவ்வொரு ஜிப்பையும் கடைசிப் பல்வரை இழுத்து மூடிவிட்டுத்தான் அவள் கராஜைவிட்டு வருவாள். பூட்டிய கதவைத் திரும்பவும் போய் இழுத்துப் பார்க்கும் ரகம் அவள். மறந்திருக்க வாய்ப்பே இல்லை.

சாயம் பூசி, பூ ஒட்டி முடித்த பெட்டிகளை யாரும் தொட்டிருக்கவில்லை.

"ஹேலி, கராஜ்ல என்னடி தேடுன?"

"நானா? சிலந்தி இருக்கு, போகாதன்னு நீதானே பயமுறுத்தி வச்சிருக்க," என்றது உள்ளேயிருந்து மகளின் பதினொரு வயதுக் குரல்.

"அப்ப பெட்டியெல்லாம் யாரு தொறந்து போட்டது?"

"கூரைக்குள்ள ஓடுற அந்த பாஸம் பிராணியா இருக்கும். லீவுக்கு எங்கயாவது கெளம்புது போல."

ஜெனீனுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே பைகளை உள்ளே தள்ளிப் பெட்டிகளை மூடினாள். கணவன் டேரன் நாட்டின் அந்தக் கோடியில் சுரங்க வேலையில் இருந்தான். அவன் வர இன்னும் ஒரு வாரம் ஆகும். வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். இதை நினைத்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

சும்மா கிடக்கும் பொருளைக் கண்டால் ஜெனீனுக்குக் கை பரபரக்கும். யாரோ கழித்துக்கட்டிய பெட்டியைக் கொண்டுவருவாள். உப்புத்தாளால் தேய்ப்பாள். ஜிப்பின் பல்லில் சாயம் ஏறாமலிருக்க அதன்மேல் டேப் ஒட்டிவிட்டு, இரண்டு கை சாயம் கொடுப்பாள். பூப்போட்ட பேப்பர் நாப்கினின் மேல் ஏட்டை மட்டும் வெங்காயத் தோலைப்போல உரித்து, தண்ணீர் கலந்த பசையில் ஒட்டுவாள். கார்ன்ஃப்ளேக்ஸ் டப்பா அட்டையில் எழுத்துகளை வெட்டி, அந்த ஓட்டைகளில் ஸ்பாஞ்சால் சாயம் ஒற்றிப் பெயர் போடுவாள். கைப்பிடியில் தொங்குவதற்கு, முள்கரண்டியில் கம்பளி நூலைச் சுற்றி வெட்டிய ஒரு பந்து. எல்லாவற்றுக்கும் மேலே வார்னிஷ். அதன் பிறகு பெற்றவனே வந்தாலும் பெட்டியை அடையாளம் தெரியாது என்று டேரன் கிண்டல் செய்வான். பள்ளிச் சந்தையில் அவளுடைய பெட்டிகள் முதலில் விற்றுப்போகும்.

வரிசையில் கடைசியாக இருந்த பச்சைப் பெட்டி விற்பதற்கு இல்லை. பள்ளி முகாமுக்குப் போகும் ஹேலிக்காகச் செய்தது. பச்சைமேல் ரோஜா நிறக் கிளிகள், நடுவில் மகளின் பெயர். பச்சைக்கு அடியில் அது சாம்பல் நிறம். அதைப் பற்றி ஜெனீன் நினைப்பதில்லை. நினைக்கக்கூடாது என்று தீர்மானம் எடுத்திருந்தாள். அந்தத் தீர்மானத்தை ஒரு நாளைக்கு நூறு தடவை நினைத்துக்கொள்வாள்.

மறுநாள் அந்தியில் சத்தம் கேட்டது.

குளிர்காலம். பிள்ளைகள் பள்ளிவிட்டு வந்து ரொட்டியில் வெஜிமைட் தடவித் தின்று முடிப்பதற்குள் வெளியே இருட்டிவிடும். பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்த ஜெனீனுக்கு, ஹீட்டரின் உறுமலுக்கும், ஹேலியின் அறையிலிருந்து வந்த பாட்டுக்கும், பக்கத்து வீட்டு விறகுப்புகை உள்ளே வராமலிருக்க இறுக்கிச் சாத்தியும் அதிர்ந்துகொண்டிருந்த ஜன்னல் கண்ணாடிக்கும் அடியில், சமையலறைச் சுவருக்கு அந்தப் பக்கம், கராஜில், யாரோ மிகப் பொறுமையாக ஒரு ஜிப்பை இழுப்பது கேட்டது. பல் பல்லாக. ஒரு மூலையில் திரும்பும்போது கொஞ்சம் சிக்கி, பிறகு விடுபட்டு, மறுபடி நீளமாக. பிறகு துணி உரசும் சத்தம், பைக்குள் விரல் நுழைந்து துழாவும் சத்தம். கொஞ்சநேர அமைதி. பிறகு அடுத்த ஜிப்.

கையில் கத்தியோடு போய்க் கதவைத் திறந்தாள். யாரும் இல்லை. நேற்றுப்போலவே வேலை தொடங்காத பெட்டிகள் மட்டும் திறந்து கிடந்தன. சாயம், பசை, நனைந்த அட்டை என்று எப்போதும் இருக்கும் வாசனைக்கு நடுவில் இன்னொரு வாசனை நின்றது. இனிப்பாக, மெல்லியதாக. ஸ்ட்ராபெரி போட்ட பற்பசை.

அவள் வீட்டில் அந்தப் பற்பசை கிடையாது. ஆனாலும் அந்த வாசனையை அவளுக்குத் தெரியும்.

வருடத்துக்கு ஒருமுறை நகராட்சி லாரி வரும் வாரத்தில், வேண்டாத சாமான்களையெல்லாம் வீட்டுக்கும் ரோட்டுக்கும் நடுவிலிருக்கும் புல்வரம்பில் கொண்டுவந்து வைப்பார்கள். புல்வரம்பில் வைத்துவிட்டால் அது வைத்தவருடையது இல்லை, முதலில் கண்டவருடையது. கதவைத் தட்டிக் கேட்டு எடுத்தால்தான் ஒருமாதிரி பார்ப்பார்கள். அந்த வாரம் முழுக்க, இருட்டும் நேரத்தில் ஊரே காரை மாட்டுவண்டி வேகத்தில் ஓட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போகும். இந்தக் குளிர்காலத் தொடக்கத்தில் ஜெனீனும் அப்படித்தான் போயிருந்தாள்.

வாட்டில் தெருவில் ஒரு வீட்டின் முன்னால் கிழிந்த மெத்தை, கால் உடைந்த நாற்காலி, பழைய டிவி என்று ஒரு குவியல். குவியலிலிருந்து சற்றுத் தள்ளி, ரோட்டோரம் நிறுத்தியிருந்த சின்ன நீலக் காரின் பின்சக்கரத்தருகே சாம்பல் நிறப் பெட்டி ஒன்று நின்றது. ஒரு கீறல் இல்லை. வேண்டாத பெட்டியை யாரும் இப்படி நிமிர்த்தி நிற்கவைக்க மாட்டார்கள், தூக்கி எறிவார்கள் என்று அவளுக்கு அப்போதே தோன்றியது. வீட்டுக்குள் விளக்கு எரிவதையும் பார்த்தாள். பின்னால் இன்னொரு கார் மெதுவாக வந்தது. அதில் வருகிறவன் எடுத்துவிடுவானே என்ற அவசரத்தில் இறங்கி ஓடி, பெட்டியைத் தூக்கித் தன் காருக்குள் போட்டுக்கொண்டாள். அது கனத்தது.

வீட்டில் வந்து திறந்தால், மடித்த துணிகள். ஒரு பெண்ணுடையவை கொஞ்சம், மீதியெல்லாம் ஒரு சின்னக் குழந்தையுடையவை. காது கடித்துச் சப்பிய ஒரு முயல் பொம்மை. ஒரு பிளாஸ்டிக் உறையில் ஸ்ட்ராபெரிப் பற்பசையும் இரண்டு பிரஷ்களும். பிரஷ்ஷைத் தொட்டுப் பார்த்தாள். ஈரமாக இருந்தது.

அந்த நிமிடமே காரை எடுத்திருந்தால் போய்ச் சேர ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. என்னவென்று சொல்லிக் கொடுப்பது, உங்கள் பெட்டியைக் குப்பை என்று தூக்கிக்கொண்டு போய்விட்டேன் என்றா? வெட்கமாக இருந்தது. சோறு வடிக்க வேண்டும், ஹேலியின் கணக்குப் பாடத்தைப் பார்க்க வேண்டும். காலையில் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம் என்று பெட்டியை மூடிவிட்டாள்.

காலையில் வாட்டில் தெருவில் போலீஸ் வண்டிகள் நின்றன. டானியா என்ற பெண், அந்த வீட்டுக்காரி, பின்வாசல் படியில் விழுந்து இறந்துபோயிருந்தாள். விழுந்துவிட்டாள் என்று அவள் புருஷன் சொன்னான். டானியா குழந்தையோடு வருவாள் என்று அவள் அக்கா தன் வீட்டில் படுக்கையெல்லாம் விரித்து வைத்துவிட்டு விடியவிடியக் காத்திருந்தாளாம். அவள் எங்கேயும் கிளம்பவில்லை, ஒரு துணிகூட எடுத்து வைக்கவில்லை, நீங்களே பாருங்கள் என்று புருஷன் அலமாரியைக் காட்டினானாம்.

ஜெனீன் துணிகளையும் முயலையும் ஒரு கறுப்புப் பையில் கட்டி, நெடுஞ்சாலையைத் தாண்டிப் போய், தர்மத்துக்குத் துணி போடும் தொட்டி ஒன்றில் தள்ளிவிட்டு வந்தாள். அன்று மத்தியானமே பெட்டியை உப்புத்தாளால் தேய்க்கத் தொடங்கினாள். பழைய உள்துணியைக் கிழித்தபோது, ஓரப் பைக்குள்ளிருந்து கார் சாவி ஒன்று விழுந்தது. நீலக் காரின் சாவி. அதைப் பார்த்துக்கொண்டே ரொம்ப நேரம் தரையில் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பெண் சாவியைத் தொலைக்காமல் இருக்கப் பத்திரமாகப் பெட்டிக்குள் வைத்து, பெட்டியைக் காருக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, குழந்தையைத் தூக்கி வர உள்ளே போயிருக்கிறாள். வெளியே வந்து பார்த்திருக்கிறாள். அதற்குமேல் ஜெனீனால் நினைக்க முடியவில்லை. சாவியைக் குப்பைத் தொட்டியில் உருளைக்கிழங்குத் தோலுக்கு அடியில் புதைத்தாள். விடிந்ததும் குப்பை லாரி அதைக் கொண்டுபோய்விட்டது.

இரண்டு நாள் கழித்து ஒரு இளம் போலீஸ்காரி வீடு வீடாக வந்தாள்.

"அன்னிக்குச் சாயங்காலம் வாட்டில் தெருப் பக்கம் போனீங்களா? ஏதாவது பாத்தீங்களா? ஒரு பெட்டி, பை, அந்த மாதிரி?"

"இல்லைங்க. நான் வீட்லதான் இருந்தேன்."

அதைச் சொன்னபோது அவள் நகக்கண்ணெல்லாம் பச்சைச் சாயம்.

இப்போது கராஜில் கத்தியோடு நின்ற ஜெனீனுக்குப் புரிந்துவிட்டது. சாயம் பூசாத பெட்டிகளை மட்டும்தான் டானியா திறந்து பார்க்கிறாள். தேடுவது சாம்பல் நிறப் பெட்டியை. பச்சைப் பெட்டிக்குப் பக்கத்திலேயே தினமும் வந்து நின்றுவிட்டு, அது தன்னுடையது என்று தெரியாமல் தாண்டிப் போகிறாள்.

பாவமாக இருந்தது. அதைவிட அதிகமாகப் பயமாக இருந்தது. பயம்தான் ஜெயித்தது.

அடுத்து வந்த நாட்களில் அவள் பைத்தியம் பிடித்தவள்போல வேலை செய்தாள். பச்சைக்குமேல் இன்னொரு அடுக்கு நாப்கின், அதற்குமேல் மஞ்சள் வாட்டில் பூக்கள், ஓரங்களில் பட்டன், சக்கரத்துக்கு மேலே சரிகை நாடா, கைப்பிடியில் கம்பளிப் பந்துகள் கொத்தாக. ஒவ்வொரு அடுக்குக்கும் வார்னிஷ். சாம்பலின் ஒரு பொட்டுகூட எங்கேயும் எட்டிப்பார்க்கக்கூடாது. மீதி எல்லாப் பெட்டிகளுக்கும் அவசர அவசரமாகச் சாயம் அடித்தாள். சாயம் பூசாத பெட்டி என்று ஒன்றுகூட வீட்டில் மிச்சமில்லை.

சந்தைக் கடையை நடத்தும் பெவ், பெட்டிகளைப் பார்க்க வந்தவள், பச்சைப் பெட்டியின் முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றாள். பெவ் வாட்டில் தெருக்காரி, டானியா வீட்டுக்கு எதிர்வீடு.

"என்னடி இது, பெட்டியா, பொறந்தநாள் கேக்கா? இத இழுத்துட்டுப் போனா ஹேலிய முகாம்ல ஓட்டியே கொன்னுடுவாளுங்க."

"அவளுக்குப் பிடிச்சிருக்கு."

"அவகிட்ட கேட்டியா?" பெவ் சிரித்தாள். தேநீர்க் கோப்பையைக் கையில் வாங்கியதும் அந்தச் சிரிப்பு போய்விட்டது. "டானியாவோட பொண்ணு பாப்பிய நெனச்சாதான் மனசு கேக்கல. நாலு வயசுக் கொழந்த. தெனமும் இருட்டுற நேரத்துல புல்வரம்புல வந்து நிக்குது. ஒரு கைய மேல தூக்கிட்டு. யாரோ புடிச்சிருக்கிற மாதிரி."

"அப்பன் எங்க?"

"அந்த க்ளென்னா? குடிக்கப் போயிருப்பான். நேத்து நான் போய், இங்க என்னடா கண்ணு பண்றேன்னு கேட்டேன். அம்மா பெட்டியத் தேடுறா, சாவி அதுலதான் இருக்குங்குது."

ஜெனீன் கோப்பையைக் கீழே வைத்தாள். "சின்னப் பிள்ளைங்க அப்படித்தான் எதையாவது சொல்லும்."

"சொல்லும், சொல்லும். கையில கன்னிப்போயிருக்கு, பெரியாள் வெரல் அளவுக்கு. எப்படி வந்துச்சுன்னா, படியில விழுந்துட்டேங்குது. அவங்கம்மா விழுந்த அதே படிதான்." பெவ் மூக்கை உறிஞ்சினாள். "போலீஸ்லயும் சொல்லிட்டேன். அவங்களும் எத வச்சுப் புடிப்பாங்க? அவ கெளம்புனான்னு காட்ட ஒரு பெட்டி இருந்திருந்தா, நாலு துணி மடிச்சு வச்சிருந்தா, கொழந்தைய அன்னிக்கே அவ அக்காகிட்ட குடுத்திருப்பாங்க. ஒண்ணும் இல்லையே."

பேசும்போது பெவ் சாய்ந்திருந்தது அந்தப் பச்சைப் பெட்டியின்மேல்தான்.

பெவ் போன பிறகு ஜெனீன் போனை எடுத்தாள். போலீஸ் எண்ணை அழுத்தினாள். அந்தப் பக்கம் யாரோ எடுத்து, "சொல்லுங்க," என்றார்கள். சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பின்னால் துணி எங்கே என்பார்கள், சாவி எங்கே என்பார்கள், அன்றைக்குக் கேட்டபோது ஏன் இல்லை என்றாய் என்பார்கள். பள்ளி வாசலில் அத்தனை அம்மாக்களும் திரும்பிப் பார்ப்பார்கள். ஹேலியும் பார்ப்பாள். "சொல்லுங்க, கேக்குதா?" என்றது போன். ஜெனீன் வைத்துவிட்டாள். தன்னைப்போல ஒரு கேவலமான பிறவி இருக்க முடியாது என்று அவளுக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதால் எதுவும் மாறவில்லை.

அன்று அந்தியில் கராஜில் சத்தமே இல்லை.

சமையலறையில் நின்று காத்திருந்தாள். ஹீட்டர் மட்டும் உறுமியது. அப்பாடா என்று அடுப்புப் பக்கம் திரும்பியபோது, நடையில், கோட்டு மாட்டும் கொக்கிகளுக்குக் கீழே, ஒரு ஜிப் திறந்தது. ஹேலியின் பள்ளிப்பை. பிறகு அதற்குள்ளிருந்து சின்னதாக இன்னொன்று, பென்சில் பை. பிறகு டேரனின் மீன்பிடிப் பை. தேடுகிற கை இப்போது முன்போலப் பொறுமையாக இல்லை. வெடுக் வெடுக்கென்று இழுத்தது. சோபாவின் மெத்தை உறை. தலையணை உறை. ஸ்ட்ராபெரி வாசனை நடையிலிருந்து மெல்ல உள்ளே நகர்ந்து, படுக்கையறைகளின் பக்கம் போனது.

"அம்மா."

ஹேலி அறை வாசலில் நின்றாள். முகம் வெளிறியிருந்தது.

"நீதானே என் ஜாக்கெட் ஜிப்ப இழுத்த?"

"எப்ப?"

"இப்ப. நான் அதப் போட்டுட்டுப் படுத்திருந்தேன்ல. கண்ண மூடி பாட்டு கேட்டுட்டு இருந்தேன். நீதானே?"

அவளுடைய ஜாக்கெட் தொப்புள்வரை திறந்திருந்தது. இரண்டு பக்கப் பைகளும் வெளியே தொங்கின.

ஜெனீன் கராஜுக்குப் போய்ப் பச்சைப் பெட்டியைத் தூக்கினாள். "அது என் பெட்டிம்மா, எங்க கொண்டுபோற," என்று ஹேலி பின்னாலேயே வந்தாள்.

"பெவ் வீட்டுக்குப் போ. இப்பவே. நான் வந்து கூட்டிக்கிறேன்." பிறகு பெவ் வீடு எங்கே இருக்கிறது என்று ஞாபகம் வந்தது. "வேணாம். கார்ல ஏறு. கதவப் பூட்டிக்கோ. நான் சொல்ற வரைக்கும் எறங்காத."

பெட்டியை எடுத்த இடத்திலேயே வைத்துவிட வேண்டியதுதான். டானியா தேடுவது அதைத்தானே. கிடைத்துவிட்டால் போய்விடுவாள். போலீஸ் பார்த்தால் பார்க்கட்டும். பெவ் அடையாளம் கண்டாலும், கராஜிலிருந்து திருடுபோனது என்று சொல்லிக்கொள்ளலாம். வண்டி ஓட்டும்போது ஜெனீன் இப்படித்தான் கணக்குப் போட்டாள். அந்தக் கணக்கில்கூடத் தன்னையே தப்பிக்கவைத்துக்கொள்கிறாள் என்பது அவளுக்கே தெரிந்தது.

வாட்டில் தெருவில் மூடுபனி இறங்கியிருந்தது. விறகுப்புகை அதில் கலந்து, தெருவிளக்குகளைச் சுற்றி அழுக்கு மஞ்சளாக நின்றது. ஹேலியைத் தெருமுனையில் காருக்குள் விட்டுவிட்டு, பெட்டியை உருட்டிக்கொண்டு நடந்தாள். சக்கரங்கள் நடைபாதையின் ஒவ்வொரு இணைப்பிலும் டக், டக் என்றன. பெவ் வீட்டில் டிவி வெளிச்சம். எதிரே, நீலக் கார் அன்று நின்ற இடத்திலேயே நின்றது. கண்ணாடி முழுக்கச் சருகு. க்ளென்னின் பிக்கப் வண்டி இல்லை. நல்லதாகப் போயிற்று.

பின்சக்கரத்தருகே பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். கைப்பிடியை உள்ளே தள்ளினாள். ஈரப் புல்லில் அது திருவிழாப் பொருள்போல, சம்பந்தமே இல்லாமல் நின்றது.

வீட்டின் கம்பிவலைக் கதவு கிரீச்சிட்டது.

ஜெனீன் காருக்குப் பின்னால் ஒதுங்கினாள். குழந்தை வெளியே வந்தது. பைஜாமா. சாக்ஸ் மட்டும், செருப்பில்லை. வலது கை தலைக்குமேலே தூக்கியிருந்தது, பெரியவர் ஒருவர் பிடித்து நடத்திவரும் உயரத்தில். அந்தக் கைக்கு மேலே எதுவும் இல்லை. ஆனால் குழந்தை தன் நடையில் நடக்கவில்லை. தன்னைவிட வேகமான ஒருவரோடு சேர்ந்துபோக ஓட்டமும் நடையுமாக வந்தது. அதன் பக்கத்தில், பனி படர்ந்த புல், ஒவ்வொரு அடியாக அமுங்கியது.

பெட்டியின் முன்னால் நின்றது.

குழந்தை கிளிகளைப் பார்த்தது. பூக்களைப் பார்த்தது. ஒரு விரலால் கம்பளிப் பந்தைத் தொட்டது. அது ஆடியது. பிறகு தலையைத் தூக்கி, மேலே, யாருமில்லாத இடத்தைப் பார்த்துச் சொன்னது.

"இது நம்மளது இல்லம்மா. நம்மளதுல பூ இல்ல."

மேலே தூக்கிய கை ஒருமுறை இழுபட்டது. திரும்பிப் போக. வீட்டைப் பார்த்து.

ஜெனீனால் அதைத் தாங்க முடியவில்லை. ஓடிப்போய்ப் பெட்டியின்முன் முழங்கால் போட்டாள். நகத்தால் பிராண்டினாள். கிளியின் சிறகு உரிந்தது, அதன்கீழே வார்னிஷ், அதன்கீழே இன்னொரு பூ. நகம் பிய்ந்தது. பட்டனைப் பிடுங்கினாள். சாம்பல் வரவில்லை. எவ்வளவு நன்றாகச் செய்திருக்கிறாள்.

"உங்களுதுதான்," என்றாள். குரல் எங்கிருந்தோ வந்தது. "கண்ணு, உங்களுதுதான். நான்தான் எடுத்தேன். அம்மாகிட்ட சொல்லு. இதுதான் அது."

குழந்தை அவளைப் பார்த்தது. அழவில்லை. பயப்படவில்லை. தூக்கியிருந்த கை மெல்லக் கீழே இறங்கியது. அதைப் பிடித்திருந்தது விட்டுவிட்டது.

"அப்ப சாவி?" என்று கேட்டது.

சாவி உருளைக்கிழங்குத் தோலோடு குப்பை லாரியில் போய்விட்டிருந்தது.

ஜெனீனின் முகத்துக்கு மிக அருகில் ஸ்ட்ராபெரி வாசனை. குளிர். மூடுபனியின் குளிர் இல்லை.

அவளுடைய ஜாக்கெட்டின் ஜிப் இறங்கத் தொடங்கியது. பல் பல்லாக. இடப் பை. வெளியே இழுக்கப்பட்டது. வலப் பை. கைக்குட்டை விழுந்தது. சில்லறை விழுந்தது. எழுந்து ஓட நினைத்தாள். முழங்கால்கள் புல்லைவிட்டு எழவில்லை. விரல்கள் சட்டைக்குள் போயின. ஜீன்ஸ் பை. பின்பை. சாக்ஸின் விளிம்பு. தலைமுடிக்குள். காதின் பின்னால். வேகமாக. இன்னும் வேகமாக.

குழந்தை நீலக் காரின் கதவருகே போய் நின்றுகொண்டது. சமர்த்தாக, சொல்லிவைத்ததுபோல.

"கொஞ்சம் இருங்க," என்றது ஜெனீனிடம். "அம்மா தேடுறா."

தெருவின் அந்தக் கோடியில் ஒரு வண்டி திரும்பியது. இரண்டு விளக்குகள் மூடுபனிக்குள் மங்கலாகப் பெரிதாகின. டீசல் எஞ்சின். குழந்தை அந்தப் பக்கம் பார்த்தது. பைஜாமாவின் தொடைப் பக்கம் மெல்ல நனைந்தது. ஆனால் இடத்தைவிட்டு நகரவில்லை.

"அப்பா," என்றது, யாரிடமும் இல்லாமல்.

விரல்கள் ஒரு கணம் நின்றன.

பிறகு ஜெனீனின் முகத்துக்கு வந்தன. கன்னம். மோவாய். மூடியிருந்த உதடுகள். இடது ஓரத்தில் ஒரு குளிர்ந்த விரல்நுனி அழுந்தி, பிடி தேடி, கிடைத்ததும், மெல்ல, ஜிப்பைத் திறப்பதுபோல, வலப்பக்கமாக இழுக்கத் தொடங்கியது.